ஆடி பதினெட்டு: ஆறு வரும் தேதி

எங்கள் ஊர்ப் படித்துறையில் 13 படிகள் இருந்தன. ஏழு வயதில் நானே எண்ணினேன். கோடையில் எங்கள் ஆறு, காவிரியின் கிளையான குடமுருட்டி, வறண்டு கிடக்கும்போது மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. இரண்டு தடவையும் 13தான் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினெட்டாம் பெருக்குக்கு ஏன் அந்தப் பெயர் என்று அப்பாயியிடம் கேட்டபோது அவள் சொன்ன கதை அப்படி. அந்தக் காலத்து ராஜாக்கள் கட்டின துறைகளில் 18 படி இருக்குமாம். ஆடி பதினெட்டு அன்று தண்ணீர் ஏறிவந்து அத்தனை படியையும் முழுக்கிவிடுமாம்.

"நம்ம தொறையில பதிமூணுதான் இருக்கு அப்பாயி."

"மிச்சம் மண்ணுக்குள்ள கெடக்குடி. ஆறு பத்திரமா வச்சிருக்கு. எண்ணிக்கிட்டுத் திரியாம வா."

அந்தப் பதிலை முழுசாக நம்பினேன். திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஆற்றைப் பற்றி அப்பாயி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

18க்கு வேறு கதைகளும் உண்டு. பாரதப் போர் 18 நாள் நடந்து முடிந்த பிறகு ஆயுதங்களை ஆற்றில் கழுவிய நாள் இது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தர்மபுரி, சேலம் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் சாமியின் வாளையும் வேலையும் ஆற்றுக்கு எடுத்துப் போய் நீராட்டிக் கொண்டுவருகிறார்கள். எனக்கு இரண்டு கதையும் பிடிக்கும். ஆனால் இத்தனை வருஷம் இந்த நாளைப் பார்த்த பிறகு எனக்குள் உறுதிப்பட்டிருக்கும் எண்ணம் ஒன்று உண்டு. 18 என்பது ஒரு தேதி. வெறும் தேதி. இந்த நாளின் பெருமை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நம் பண்டிகைகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடிப்பூரம் எல்லாம் நட்சத்திரம் பார்த்து வருபவை. ஆடி அமாவாசை, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி எல்லாம் திதி பார்த்து வருபவை. அதனால் தேதி ஆண்டுக்கு ஆண்டு முன்னே பின்னே போகும். பஞ்சாங்கம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆடிப்பெருக்குக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஆள் தேவையில்லை. நட்சத்திரம் எதுவானாலும் சரி, திதி எதுவானாலும் சரி, ஆடி பிறந்து 18 நாள் எண்ணினால் போதும். ஆடி முதல் தேதி ஜூலை 16 அல்லது 17ல் வருவதால், இது ஆகஸ்ட் 2 அல்லது 3 என்று நிற்கும். அதைத் தாண்டி நகராது.

ஏன் இப்படி? தமிழ் மாதம் சூரியனின் கணக்கு. சூரியன் கடக ராசிக்குள் நுழைவதுதான் ஆடிப் பிறப்பு. மழையும் சூரியனின் கணக்குத்தான். ஒரு பௌர்ணமியை வைத்து ஆற்றுக்கு விழா எடுத்திருந்தால், ஒரு வருஷம் அது ஆடியின் முதல் வாரத்தில் விழும், இன்னொரு வருஷம் கடைசி வாரத்தில் விழும். ஆறு அதற்காகக் காத்திருக்காது. வெள்ளம் வரும் காலம் சூரியனோடு ஒட்டியது என்பதைக் கண்டுகொண்ட யாரோ, எத்தனையோ தலைமுறை பார்த்துப் பார்த்து, இந்த நாளுக்குள் தண்ணீர் கரை தொட்டிருக்கும் என்று எண்ணி வைத்த நாள் இது என்றே நான் நினைக்கிறேன்.

இதில் இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு அது பழகிப்போனதால் பெரிதாகத் தெரிவதில்லை. ஆடியில் தஞ்சாவூரில் மழை கிடையாது. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடியில் வெறும் காற்று. அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று. மேலே பார்த்தால் வெளிறிய வானம். தரையெல்லாம் புழுதி. அந்த வானத்துக்குக் கீழே, ஒரு சொட்டு விழாத ஊரில், ஆறு நுங்கும் நுரையுமாகக் கரைபுரண்டு வருகிறது. மழை பெய்தது குடகில். பிரம்மகிரி மலைத்தொடரில் தலைக்காவிரி, ஹேமாவதி, ஹாரங்கி, வயநாட்டிலிருந்து இறங்கும் கபினி என்று நாங்கள் பார்த்தேயிராத மலைகளில் பெய்த தென்மேற்குப் பருவமழை, 800 கிலோமீட்டர் போல ஓடும் ஓர் ஆற்றின் கடைசிப் பகுதியில் இருக்கிற எங்களிடம் வந்து சேர்கிறது. பட்டினப்பாலையில் "வான் பொய்ப்பினும் தான் பொய்யா" என்று காவிரியைச் சொன்னதை வெறும் புகழ்ச்சி என்று பள்ளிக்கூடத்தில் நினைத்திருந்தேன். அது அப்படியே எங்கள் ஊரின் ஆடி மாத நிலவரம். எங்கள் வானம் பொய்த்தாலும் ஆறு வரும். அதன் வானம் வேறு.

அந்தப் பழைய கணக்கு எவ்வளவு சரியானது என்பதை, நான் கொஞ்சமும் எதிர்பாராத ஓர் இடத்தில் கண்டேன். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டு எல்லையான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் வந்து சேர வேண்டும் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). அதற்கு மாதவாரியாக ஓர் அட்டவணை இருக்கிறது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அப்புறம் இறங்கிக்கொண்டே போய் பிப்ரவரி முதல் மே வரை மாதம் இரண்டரை. உச்சம் ஆகஸ்டில். ஜூலை, ஆகஸ்ட் இரண்டையும் சேர்த்தால் 77 டிஎம்சிக்கு மேல் வருகிறது. ஆடி மாதம் சரியாக இந்த இரண்டு மாதங்களின் மீது கால் பரப்பி உட்கார்ந்திருக்கிறது. வக்கீல்களும் பொறியாளர்களும் பல வருஷம் வாதாடி எழுதிய அட்டவணையும், எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாயி விரல்விட்டு எண்ணிய 18ம் ஏறக்குறைய ஒரே இடத்தைக் காட்டுகின்றன. அன்று ராத்திரி அந்த எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த விழாவின் வயது என்ன? ஆடி 18 என்ற தேதியோடு பழைய பாட்டுகளில் நான் பார்த்ததில்லை. ஆனால் புதுத்தண்ணீருக்கு விழா எடுப்பது மிகப் பழையது. வைகைக்குப் பரிபாடலில் இருக்கிறது. காவிரிக்குச் சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் இருக்கிறது: "உழவர் ஓதை மதகோதை உடைநீர் ஓதை தண்பதங்கொள் விழவர் ஓதை". கோவலன் பாடும் பாட்டு. உழவர் சத்தம், மதகில் தண்ணீர் மோதும் சத்தம், கரையை உடைத்துக்கொண்டு பாயும் நீரின் சத்தம், புதுப்புனலாட வந்தவர்களின் சத்தம். தண்பதம் என்றால் குளிர்ந்த புது வெள்ளம். இந்த நான்கு சத்தத்தையும் நான் ஒரே காலையில் ஒரே படித்துறையில் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

அதே புதுப்புனல் விழாவில் ஒரு துயரமும் நடந்தது. கழார் என்ற ஊரின் துறையில், கரிகாலன் பார்த்துக்கொண்டிருக்க, ஆட்டனத்தி என்ற அழகன் நீரில் ஆடுகிறான். காவிரி அவனை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அவனுடைய மனைவி ஆதிமந்தி கரையோரமாகவே ஓடுகிறாள், கேட்டுக்கொண்டே, தேடிக்கொண்டே, கடல் வரைக்கும். பரணர் அகநானூற்றில் இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பாடியிருக்கிறார். சிலப்பதிகாரத்தில் அவள் கரிகாலனின் மகள். கடலே அவனைக் கொண்டுவந்து முன்னே நிறுத்திக் காட்டுகிறது, அவள் தழுவிக்கொள்கிறாள். ஆதிமந்தியின் பெயரிலேயே குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. வீரர்கள் கூடிய விழாவிலும் பார்த்தேன், பெண்கள் கைகோத்து ஆடும் துணங்கையிலும் பார்த்தேன், எங்கேயும் அவனைக் காணவில்லை என்கிறாள். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரையில் ஒவ்வொரு அம்மாவும் "போதும் மேல ஏறு, போதும் மேல ஏறு" என்று கத்திக்கொண்டே இருப்பதைக் கேட்கும்போது, கொண்டாட்டத்துக்குள் அந்தப் பயமும் அன்றைக்கே இருந்திருக்கிறது என்று தோன்றும். கொடுக்கிற ஆறு எடுக்கவும் செய்யும் என்று தெரிந்தவர்கள்தான் அதற்கு மஞ்சளும் பூவும் கொண்டுபோகிறார்கள்.

எங்கள் வீட்டில் அந்த நாள் முந்தின வாரமே தொடங்கிவிடும். அப்பாயி ஒரு மண்சட்டியில் எருவும் மண்ணும் கலந்து நவதானியம் தூவி, இருட்டான மூலையில் வைத்து மூடிவிடுவாள். முளைப்பாரி. பதினெட்டுக்குள் வெளுத்த மஞ்சள் நிறத்தில் விரற்கடை விரற்கடையாக எழும்பி நிற்கும். தாத்தா மட்டும் அதைப் பக்தியோடு பார்க்க மாட்டார். குனிந்து, எது சீராக முளைத்திருக்கிறது, எது சொத்தை என்று பார்ப்பார். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது அவருக்குப் பழமொழி இல்லை, வேலை.

தண்ணீர் அதற்கு முன்பே வந்திருக்கும். வரும் நாளை யாரும் சொல்லி அனுப்ப வேண்டாம். மேற்கே யாராவது ஒருத்தர் சைக்கிளில் வந்து "ஆத்துல தண்ணி வந்துட்டு" என்பார். பள்ளிக்கூடம் இருந்தால்கூட நாங்கள் ஓடிவிடுவோம். முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில், நுரையோடு, சருகும் குச்சியும் காய்ந்த சாணியும் சுமந்துகொண்டு, ஒரு கை உயரத்துக்கு மெதுவாகத்தான் வரும். மணலில் பெரிய பாம்பு ஊர்வதுபோல வரும். நாங்கள் அதற்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே போவோம். காய்ந்த மணல் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரு சத்தம் வரும், சொர்ரென்று. அந்தச் சத்தத்தை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

பதினெட்டு அன்று காலையிலேயே அடுப்படியில் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று வரிசையாக இறங்கும். காவிரி மசக்கையாக இருக்கிறாள், வாய்க்கு விதவிதமாகக் கேட்பாள் என்பது அப்பாயியின் கணக்கு. நெல் சூல் கொள்ளப்போகும் ஊரில் ஆற்றையும் சூலியாகப் பார்த்திருக்கிறார்கள். ஊறவைத்த பச்சரிசியில் வெல்லம் கலந்த காப்பரிசி, விளாம்பழம், நாவல்பழம், பேரிக்காய், பூ, மஞ்சள், குங்குமம், அப்புறம் காதோலை கருகமணி. பனையோலைச் சுருளும் கறுப்பு மணியும். ஒரு பெண்ணுக்குச் செய்யும் சீர்தான் அத்தனையும்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்புவோம். ஆற்று மணலைப் பிடித்துப் பிள்ளையார் வைத்து, பக்கத்தில் இன்னொரு பிடி மண்ணில் காவேரியம்மன் வைத்து, விளக்கேற்றி, சூடம் காட்டுவாள் அப்பாயி. முளைப்பாரியை ஆற்றில் விட்டுவிட்டு, மஞ்சள் நூலை எடுத்துப் பெண்களுக்குக் கழுத்திலும் ஆண்களுக்கு மணிக்கட்டிலும் கட்டுவாள். புதுசாகக் கல்யாணமான பெண்களுக்கு அன்றைக்குத் தாலிக்கயிறு மாற்றுவார்கள். ஆடி என்று அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணைத் தேடி மாப்பிள்ளையும் அன்று வந்து நிற்பார். கல்யாண மாலையைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்து, இந்த நாளில்தான் ஆற்றில் விட வேண்டும். எனக்குக் கல்யாணமான 2006ல் என் மாலையும் அப்படித்தான் போனது. காய்ந்து சருகான ரோஜாவும் சம்பங்கியும் தண்ணீர் பட்டதும் ஒரு நிமிஷம் மணந்தது.

சின்னப் பிள்ளைகளுக்குச் சப்பரம். மரச்சக்கரம் வைத்த குட்டித் தேர், கலர் பேப்பர் ஒட்டினது, உள்ளே ஒரு மெழுகுவத்தி. தெரு முழுக்கக் கட்டைச் சக்கரம் உருளும் சத்தம். ஆடிக்காற்றில் மெழுகுவத்தி நிற்கவே நிற்காது. ஆனாலும் ஏற்றுவோம்.

ஆற்றின் நீளத்துக்கும் இந்த நாள் ஊருக்கு ஊர் வேறு முகம் காட்டும். ஒகேனக்கல்லிலும் மேட்டூரிலும் கூட்டம் நெரியும். மேட்டூரில் அணைக்கட்டு முனியப்பனுக்கு ஆடும் கோழியும் பலி கொடுப்பார்கள். பவானியில் காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறை. ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளே ஆடிப்பெருக்கையொட்டி அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரிக்குப் பட்டுப்புடவையும் மஞ்சளும் குங்குமமும் சீராகக் கொடுப்பார். யானைமேல் கொண்டுவந்து ஆற்றில் விடுவார்கள். அவரைச் சுற்றிக் காவிரியும் கொள்ளிடமுமாக ஓடுகிறது, அவர் சீர் செய்வதில் நியாயம் இருக்கிறது. மயிலாடுதுறைக்காரர்களுக்கு ஆடியைவிட ஐப்பசி பெரிது. மாதம் முழுக்கத் துலா நீராடல், அதற்கு வர முடியாதவர்களுக்காகக் கார்த்திகை முதல் தேதியில் முடவன் முழுக்கு. அதுவும் தேதிக் கணக்குத்தான் பாருங்கள். ஐப்பசி முதல் தேதியில்தான் தலைக்காவிரியில் காவிரி பொங்கிவரும் என்று குடகுக்காரர்களும் கூடுகிறார்கள். இந்த ஆற்றை ஒட்டியவர்களுக்கு மாதத்தின் நாளை எண்ணும் பழக்கம் மேலிருந்து கீழ் வரை இருக்கிறது.

பேராறு இல்லாத யாழ்ப்பாணத்தில் ஆடி முதல் தேதியைக் கொண்டாடுகிறார்கள், கூழும் கொழுக்கட்டையுமாக. சேலம், நாமக்கல் பக்கமும் அதே முதல் தேதியில் தேங்காய்க்குள் வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் நிரப்பித் தீயில் சுடுவார்கள். மாதம் பிறப்பது எல்லோருக்கும் பொது. பதினெட்டு, ஆறு இருப்பவர்களுக்கு.

சரி, அணைக்கு வருகிறேன். அதைப் பேசாமல் இந்த நாளைப் பேசினால் பாதியைத்தான் சொன்னதாகும்.

மேட்டூர் அணையை 1925ல் கட்டத் தொடங்கி 1934ல் முடித்தார்கள். அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம். நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 1924ல் வந்த பெருவெள்ளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் யாரும் அணை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தண்ணீர் வற்றும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய கோயிலின் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரியும். எங்களுக்குத் தண்ணீர் சேர்த்துவைக்க ஊரை விட்டுப் போனவர்கள் அங்கே இருந்த மக்கள். அதை நினைக்காமல் அந்தப் படங்களை என்னால் பார்க்க முடிவதில்லை.

அணை வந்த பிறகு ஆற்றின் தேதி தமிழ் மாதத்திலிருந்து ஆங்கில மாதத்துக்குப் போய்விட்டது. பாசனத்துக்கு மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். ஜூன் 12ல் திறந்தால் குறுவை நெல் பிழைக்கும், ஆடி பதினெட்டுக்கு ஆறு நிறைந்திருக்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு தேதியையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஆனால் ஜூன் 12 தவறிப்போன வருஷங்கள் அநேகம். திறப்பதற்கு அணையில் தண்ணீர் இருக்க வேண்டுமே. ஆறு எப்போது வரும் என்பது மழையின் கையிலிருந்து போய், இரண்டு மாநிலத்து அணைகளின் மட்டத்தில், கூட்டங்களில், உத்தரவுகளில் தொங்க ஆரம்பித்தது. ஆடி பதினெட்டு மட்டும் தன் இடத்தில் அப்படியே நின்றது.

2012ல் மேட்டூர் திறந்தது செப்டம்பர் 17ல். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2. குறுவை போய்விட்டது. அந்த முறை நான் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாயி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஆறு வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஆற்றில் கருவேலங்கன்று முளைத்திருந்தது. கிரிக்கெட் ஆடிய ஸ்டம்ப் குழிகள் இருந்தன. நான் அம்மாவிடம் வீட்டிலேயே கும்பிட்டுவிடலாம் என்றேன். பல ஊர்களில் போர்செட்டுத் தண்ணீரில்தான் செய்கிறார்கள், ஷவர் வைத்திருக்கிறார்கள் என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தட்டில் ஒரு கொட்டாங்குச்சியும் இருந்தது.

படியிறங்கியபோதுதான் கவனித்தேன். 13க்குக் கீழே இன்னும் படிகள். மணல் அள்ளி அள்ளி ஆறு தாழ்ந்து போயிருந்தது. அப்பாயி சொன்ன மிச்சப் படிகள் வெளியே வந்திருந்தன. பாசி காய்ந்த, விளிம்பு மழுங்காத கற்கள். காலே படாத கற்கள். எண்ணினேன். மூன்று. அதற்குக் கீழே அஸ்திவாரக் கல்லும் செங்கலும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. மொத்தம் 16. சின்ன வயதில் இந்தப் படிகளைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன். ஆறு பத்திரமாக வைத்திருந்ததை இப்படித் தோண்டிப் பார்த்துவிட்டோமே என்றுதான் அன்று இருந்தது.

அம்மா ஆற்றின் நடுவே போய் உட்கார்ந்து மணலைத் தோண்டினாள். ஊற்று. எனக்கு விவரம் தெரிந்த நாளில் முழங்கை ஆழத்தில் தண்ணீர் சுரக்கும். கோடை முழுக்க ஊரே அதில்தான் குடித்தது. அன்றைக்கு அம்மா தோள் வரைக்கும் கையை விட வேண்டியிருந்தது. நானும் தோண்டினேன். பக்கத்தில் இன்னும் நாலைந்து பெண்கள் அதேபோல் உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் வீட்டில் யாரோ சொன்னதைக் கேட்காமல் வந்தவர்கள்தான். வெகுநேரம் கழித்து ஈரம் கறுத்தது. அப்புறம் கொட்டாங்குச்சி கொள்ளும் அளவுக்குக் கலங்கல் தண்ணீர். அம்மா அதைக் கையில் வாங்கி மண்பிள்ளையார் தலையில் தெளித்தாள். காதோலை கருகமணியை அந்தக் குழிக்குள்ளேயே வைத்தாள். என் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டும்போது அவள் விரலிலிருந்து மணல் உதிர்ந்தது.

"தண்ணி இல்லன்னு நம்ம வராம இருந்தா, நாளைக்கு அது வரும்போது கரையில ஆளு இருக்காது" என்றாள். அது எனக்குச் சொன்னதா, பக்கத்துக் குழிக்காரிக்குச் சொன்னதா தெரியவில்லை.

ஆடிப்பெருக்கு பழைய சம்பிரதாயம், அதற்காகத் தண்ணீர் கேட்பது சரியா என்று சிலர் கேட்பதுண்டு. சில வருஷங்களில் இந்த ஒரு நாளுக்காகவே மேட்டூரில் கொஞ்சம் தண்ணீர் திறந்துவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷமும் உண்டு, வருத்தமும் உண்டு. படித்துறை நனைவதற்காக மட்டும் திறக்கும் தண்ணீர் கடைமடைக்குப் போகாது. எங்களுக்குக் கிழக்கே, நாகப்பட்டினம் பக்கத்துக் கடைசி வாய்க்காலில் நாற்றங்காலுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஆடி பதினெட்டு என்பது கெடு. அதற்குள் வந்தால்தான் சம்பாவுக்கு விதைவிட முடியும், ஐப்பசி மழை அடிப்பதற்குள் பயிர் தண்ணீர் தாங்குகிற உயரத்துக்கு வளர்ந்திருக்கும். பூவும் மஞ்சளும் போட்டுச் சுற்றியிருந்தாலும் உள்ளே இருப்பது அந்தக் கெடுதான். இந்தத் தேதியை மதிக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

தண்ணீர் அதிகமானாலும் சிக்கல். காவிரியில் வெள்ளம் மிகுந்த வருஷங்களில் கரைகளில் இறங்கவே விட மாட்டார்கள். தடுப்புக் கட்டி, மைக்கில் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். அது சரியான காரியம். ஆட்டனத்திகள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. 2020லும் 2021லும் கொரோனாவால் படித்துறைகளில் கூடுவதற்கு அனுமதியில்லை. ஆறு நிறைய ஓடியது, கரையில் யாரும் இல்லை. அம்மா அப்போது மொட்டை மாடியில் நின்று ஆறு இருக்கும் திசையைப் பார்த்துச் சூடம் காட்டியதாகத் தங்கை போனில் சொன்னாள்.

2025ல் மேட்டூர் ஜூன் 12லேயே திறந்தார்கள். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் இருந்து முதல் நாள் ராத்திரி பஸ் ஏறி மகளோடு ஊருக்குப் போனேன். அம்மாவால் இப்போது படியிறங்க முடியாது. மேல்படியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அத்தைதான் மண்பிள்ளையார் பிடித்தாள். சித்தப்பா மகளுக்கு வைகாசியில் கல்யாணமாகியிருந்தது. மாலையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது விட வேண்டும் என்று கேட்டுக்கேட்டு எல்லோரையும் தொந்தரவு செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் பழுப்பாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரை மூங்கில் குனிந்து அதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினாள். ஐந்து வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே கால் சொன்னால்தான் உண்டு.

"ஆறு... ஏழு... எட்டு. அம்மா, மொத்தம் எத்தனை?"

மேலேயிருந்து அம்மா "போதும், மேல ஏறு" என்று கத்தினாள்.

"நீயே சொல்லேன், எத்தனை?"

நான் 16 என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்பதாவது படியில் தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. அவளைத் தூக்கி மேலே ஏற்றினேன். அவள் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பாட்டியிடம் ஓடிப்போய்க் கேட்டாள்.

"பதினெட்டுடி" என்றாள் அம்மா.